நிலக்கரியை நம்பிய டீசல்

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி என்னும் அடிவார ஊரைக் கடந்ததும் கொல்லிமலைக்குச் செல்லும் பேருந்தின் ஓசை மாறிவிடும். சமவெளியில் சீராக ஒலித்த என்ஜின், முதல் வளைவிலேயே உறுமத் தொடங்கும். செம்மேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் கியரைக் குறைக்க, பயணிகளின் தலையையும் மூட்டைகளையும் பின்னுக்குத் தள்ளியபடி வண்டி ஏறும். மேலேயிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரிகள் எதிரே இறங்கி வரும். ஏறுவதும் இறங்குவதும் ஒரே எண்ணெயின் வலிமையில்.

அந்த எண்ணெயின் பெயரை நாம் ஒரு நாளில் எத்தனையோ முறை சொல்கிறோம். விலை உயர்ந்தால் கவலைப்படுகிறோம். ஆனால், டீசல் என்பது முதலில் ஓர் எண்ணெயின் பெயர் அன்று, ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்கும் தெரியாது. கண்டுபிடித்தவரின் பெயர் இவ்வளவு பரவலாக வழங்க, அவரது வாழ்க்கை இவ்வளவு முழுமையாக மறக்கப்பட்டது அரிது. தம் இயந்திரத்துக்கு அவர் முதலில் எண்ணிய எரிபொருள்களுள் இன்று நாம் டீசல் என்று அழைக்கும் எண்ணெய் முதன்மையானது அன்று என்பதும், நிலக்கரித் தூளையே அவர் பெரிதும் நம்பினார் என்பதும் இன்னும் வியப்பானவை.

தோல் பட்டறையின் பிள்ளை

ருடால்ஃப் டீசல் 1858-ஆம் ஆண்டு மார்ச் 18 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியா பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறியவர்கள். தந்தை தியோடர் புத்தகம் கட்டும் தொழிலாளியாக இருந்து, பின்னர் தோல் பொருள்கள் செய்யும் சிறு பட்டறை நடத்தியவர். செய்து முடித்த பொருள்களைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வாடிக்கையாளர் வீடுகளுக்குச் சென்று கொடுப்பது சிறுவன் ருடால்ஃபின் வேலை. ஒரு கைவினைஞரின் குடும்பம் வாரம் முழுவதும் உழைத்தும் வாடகைக்குத் திண்டாடுவதை அவர் வீட்டிலேயே கண்டு வளர்ந்தார்.

ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பாரிஸின் தொழிற்கலை அருங்காட்சியகத்துக்குச் செல்வார். 18-ஆம் நூற்றாண்டில் கூனியோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் செய்த நீராவி வண்டி அங்கே வைக்கப்பட்டிருந்தது. அதையும் பிற இயந்திரங்களையும் பார்த்துப் படம் வரைவது அவருடைய பொழுதுபோக்கு.

1870-இல் பிரான்ஸுக்கும் பிரஷியாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியர்கள் பாரிஸை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. பட்டறையையும் வீட்டையும் இழந்து குடும்பம் லண்டனில் தஞ்சம் புகுந்தது. அங்கும் வறுமை. பன்னிரண்டு வயதுச் சிறுவனை ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்குத் தனியே அனுப்பிவைத்தனர். அந்த வீட்டுத் தலைவர் பார்னிக்கல் தொழிற்பள்ளியில் கணித ஆசிரியர். அவருடைய அரவணைப்பில் படிப்பு தழைத்தது. பதினான்கு வயதிலேயே தாம் ஒரு பொறியாளராகப் போவதாகப் பெற்றோருக்கு எழுதிவிட்டார். பள்ளியில் முதல் மாணவராகத் தேறி, 1875-இல் உதவித்தொகையுடன் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் குளிர்பதனத் தொழில்நுட்பத்தின் முன்னோடியான கார்ல் வான் லிண்டே. வெப்ப இயக்கவியல் வகுப்பு ஒன்றில் லிண்டே ஓர் எளிய உண்மையை விளக்கினார். அன்றைய நீராவி இயந்திரங்கள், எரிக்கப்படும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பயனுள்ள வேலையாக மாற்றுவதில்லை. எஞ்சியதெல்லாம் புகைபோக்கி வழியாகவும் ஆவியாகவும் வீணாகிறது. ஐரோப்பாவின் தொழில்வளம் முழுவதும் நீராவியை நம்பி இருந்த காலம் அது. சுரங்கத்தில் ஒரு தொழிலாளி உயிரைப் பணயம் வைத்து வெட்டியெடுத்த பத்துக் கூடை நிலக்கரியில் ஒன்பது கூடை வீண் என்ற கணக்கு அந்த மாணவரின் மனத்தில் ஆழமாகத் தைத்தது. அந்த வீணைக் குறைப்பதே தம் வாழ்நாள் வேலை என்று அவர் முடிவு செய்தார்.

அழுத்தத்தில் பிறக்கும் நெருப்பு

நச்சுக் காய்ச்சலால் தேர்வு தள்ளிப்போனாலும் 1880-இல் சிறப்பாகத் தேறி, லிண்டேயின் நிறுவனத்துக்காகப் பாரிஸில் பனிக்கட்டித் தொழிற்சாலையைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றார். 1883-இல் மார்த்தா ஃபிளாஷேயை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தனர். பகலில் பனிக்கட்டி, இரவில் இயந்திர ஆராய்ச்சி என்று காலம் கழிந்தது. அம்மோனியா ஆவியால் இயங்கும் இயந்திரம் ஒன்றைச் செய்ய முயன்று, அது வெடித்துப் பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்தார். அதன் பிறகே அவர் வேறு வழியைச் சிந்தித்தார்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதி சூடாவதை நாம் எல்லோரும் தொட்டு உணர்ந்திருக்கிறோம். காற்றை அழுத்தினால் அது சூடாகும். மிகக் கடுமையாக அழுத்தினால், எரிபொருள் தானாகவே பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடாகும். கொதிகலன் வேண்டாம், தீப்பொறி வேண்டாம். உருளைக்குள் காற்றை மட்டும் அழுத்தி, உச்ச அழுத்தத்தில் எரிபொருளைச் செலுத்தினால் போதும். அழுத்தம் கூடக்கூட, வெப்பத்திலிருந்து கிடைக்கும் வேலையும் கூடும். இதுதான் டீசலின் அடிப்படை எண்ணம். 1892-இல் இதற்கு ஜெர்மனியில் காப்புரிமை கோரினார். 1893-இல் அதைக் கொள்கை நூலாகவும் வெளியிட்டார்.

அந்த ஆவணங்களில் எரிபொருளாக அவர் திரவம், வாயு ஆகியவற்றுடன் நிலக்கரித் தூளையும் குறிப்பிட்டிருந்தார். அதற்குக் காரணம் உண்டு. ஜெர்மனியில் நிலக்கரி ஏராளம், பெட்ரோலியம் அரிது. மாவாக அரைத்த நிலக்கரியை உருளைக்குள் ஊதி எரித்தால், வீணாகும் ஒன்பது கூடையில் பெரும்பகுதியை மீட்டுவிடலாம் என்று அவர் கணக்கிட்டார்.

ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிக் வான் பூஸ் சோதனைக்கு இடம் தந்தார். கிருப் நிறுவனமும் பணம் தந்தது. ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமுள்ள முதல் இயந்திரம் 1893 ஆகஸ்ட் 10 அன்று சோதிக்கப்பட்டது. எரிபொருள் பற்றிக்கொண்டது. ஆனால், அழுத்தம் தாங்காமல் அளவுமானி வெடித்துச் சிதறியது. அருகில் நின்றவர்கள் உயிர் தப்பியது நற்பேறு. எண்ணம் சரி, இரும்புதான் இன்னும் தயாராகவில்லை என்று அவர் புரிந்துகொண்டார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அந்த இயந்திரம் ஒரு நிமிடம் தன் வலிமையிலேயே சுழன்றது. அந்த ஒரு நிமிடத்திலிருந்து நம்பத்தக்க இயந்திரமாக அது வளர மேலும் மூன்று ஆண்டுகள் பிடித்தன.

1897 பிப்ரவரியில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் நடத்திய அதிகாரபூர்வச் சோதனையில், அந்த இயந்திரத்தின் வெப்பத்திறன் 26.2 விழுக்காடு என்று பதிவானது. அந்நாளைய நீராவி இயந்திரங்களைவிடப் பல மடங்கு. உலகம் வியந்தது. அமெரிக்க உரிமையை மதுபானத் தொழிலதிபர் அடால்ஃபஸ் புஷ் பத்து லட்சம் மார்க்குக்கு வாங்கினார். ஸ்காட்லாந்து, பிரான்ஸ், ரஷ்யா, சுவிட்சர்லாந்து என நாடுதோறும் உரிமம் விற்பனையானது. கைவண்டி தள்ளிய சிறுவன் நாற்பது வயதில் கோடீஸ்வரரானார்.

ஆனால், நிலக்கரித் தூள் மட்டும் அவருக்கு வசப்படவில்லை. தூளில் உள்ள சாம்பல் உருளையின் உட்சுவரை உப்புத்தாள்போல் அரித்தது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தன. தூளைச் சீராகச் செலுத்தவும் முடியவில்லை. பெட்ரோலியத்தைக் காய்ச்சி வடிக்கும்போது, விளக்கெரிக்க உதவும் மண்ணெண்ணெய் போக எஞ்சும் கனமான எண்ணெய்தான் தடையின்றி எரிந்தது. அந்த எண்ணெய்க்கே பின்னாளில் அவருடைய பெயர் ஒட்டிக்கொண்டது. அவருடன் பணியாற்றிய ருடால்ஃப் பாவ்லிகோவ்ஸ்கி, பிற்காலத்தில் நிலக்கரித் தூளில் இயங்கும் இயந்திரங்களைச் செய்து காட்டினார். 1980-களில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் நிலக்கரித் தூளை நீரில் குழைத்து ரயில் என்ஜினை இயக்கும் ஆராய்ச்சியில் இறங்கியது. தேய்மானமும் செலவும் அவற்றை வழக்கத்துக்கு வரவிடவில்லை.

தண்டவாளத்தில் தோற்ற கனவு

ரயிலை இழுக்க வேண்டும் என்பது டீசலின் நெடுநாள் ஆசை. நிலக்கரியை அதிகம் விழுங்கி அதிகம் வீணாக்கியது ரயில் என்ஜின்தானே? 1906-இல் சுல்சர் நிறுவனத்தோடும் அடால்ஃப் குளோசே என்ற பொறியாளரோடும் சேர்ந்து இதற்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். 95 டன் எடையும் ஏறத்தாழ 1,200 குதிரைத்திறனும் கொண்ட அந்த என்ஜின் 1912-இல் சுவிட்சர்லாந்தில் ஓடிப் பார்த்தது. 1913-இல் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தையும் தொட்டது. ஆனாலும், அது வெற்றி பெறவில்லை.

காரணம் எளியது. நீராவி என்ஜின் நின்ற நிலையிலிருந்தே முழு வலிமையுடன் இழுக்கும். டீசல் என்ஜின் அப்படியன்று. சுழலத் தொடங்கிய பிறகே அதற்கு வலிமை வரும். நின்றுகொண்டிருக்கும் ரயிலை நேரடியாக அதனோடு பிணைத்தால் திணறிப்போகும். டீசலின் என்ஜினில் சக்கரங்கள் நேரடியாகவே பிணைக்கப்பட்டிருந்தன. புறப்படுவதற்கு அழுத்தப்பட்ட காற்றை நம்ப வேண்டியிருந்தது. உடைப்பும் பழுதும் தொடர்ந்தன. கொல்லிமலை ஓட்டுநர் வளைவுதோறும் கியரை மாற்றுகிறாரே, அந்தக் கியருக்கு இணையான ஓர் இடையமைப்பு பெரிய ரயில் என்ஜினுக்கு அன்று கைவரவில்லை. மின்னியற்றி வழியாகவோ திரவத்தின் வழியாகவோ ஆற்றலைச் சக்கரத்துக்குக் கடத்தும் முறைகள் வளர்ந்த பிறகுதான் டீசல் ரயில் நிலைபெற்றது. அதைப் பார்க்க அவர் இல்லை.

பெரிய தண்டவாளத்தில் தோற்ற இயந்திரம், சின்னத் தண்டவாளத்தில் தன்னை நிலைநாட்டிக்கொண்டது. நிலக்கரிச் சுரங்கங்களுக்குள்ளும் சுரங்க வாயிலிலிருந்து கிடங்கு வரையிலும் போடப்பட்டவை நேரோ கேஜ் எனப்படும் குறுகிய பாதைகள். இரு தண்டவாளங்களுக்கு இடையே 600 முதல் 760 மில்லிமீட்டர் வரையே இருக்கும். வளைவுகள் கூர்மையானவை, கூரை தாழ்வானது. அங்கே நிலக்கரி வண்டிகளை இழுத்தவை குதிரைகள். 1913-இல் பிரிட்டனின் சுரங்கங்களில் மட்டும் ஏறத்தாழ 70,000 குதிரைகள் உழைத்தன. பல குதிரைகள் ஆண்டின் பெரும்பகுதி சூரியனையே பார்க்காதவை.

சுரங்கத்துக்குள் நீராவி என்ஜினின் நெருப்பைக் கொண்டுசெல்ல முடியாது. மீத்தேன் வாயு கலந்த காற்றில் ஒரு பொறி போதும், சுரங்கமே வெடிக்கும். பெட்ரோல் என்ஜினுக்கோ மின்பொறி இல்லாமல் இயக்கம் இல்லை. டீசல் என்ஜினுக்குப் பொறி தேவையில்லை. அதன் புகையை நீர்த்தொட்டி வழியே செலுத்திக் குளிரவைத்து, தீயைத் தடுக்கும் தகடுகளையும் பொருத்தினால், ஆபத்து பெருமளவு குறையும். ஜெர்மனியின் டாய்ட்ஸ், பிரிட்டனில் லீட்ஸ் நகரின் ஹன்ஸ்லெட் போன்ற நிறுவனங்கள் இத்தகைய சிறு என்ஜின்களைச் செய்தன. ஓர் ஆள் ஓட்டும் குட்டி என்ஜின், வரிசையாக நிலக்கரித் தொட்டிகளை இழுத்துக்கொண்டு இருளிலிருந்து வெளிவரும் காட்சி சுரங்கப் பகுதிகளில் வழக்கமானது. போஸ்னியாவின் பனோவிச்சி சுரங்கத்தில் 760 மில்லிமீட்டர் பாதையில் நீராவி என்ஜின்களுக்குத் துணையாக டீசல் என்ஜின்களும் நிலக்கரி இழுத்தன.

நிலக்கரியை வயிற்றில் எரிப்பதற்காக எண்ணப்பட்ட இயந்திரம், வேறு யாருக்கோ நிலக்கரி சுமக்கும் இயந்திரமாகத் தண்டவாளத்தில் தன் வாழ்வைத் தொடங்கியது. டீசலின் வரலாற்றில் இதைவிடக் கசப்பான முரண் இல்லை.

இந்தியாவிலும் இதன் தடங்கள் உண்டு. 1950-களின் நடுவில் ஜெர்மனியின் அர்னால்டு யூங் நிறுவனத்திடமிருந்து வந்த டீசல் என்ஜின்கள் கால்கா–சிம்லா, மாத்தேரான் மலைப்பாதைகளில் ஓடின. பின்னர் சித்தரஞ்சன் தொழிற்சாலையே குறுகிய பாதைக்கான டீசல் என்ஜின்களைக் கட்டியது. நிலக்கரியும் மாங்கனீசும் கிடைக்கும் சாத்புரா மலைநாட்டின் குறுகிய பாதைகளில் அவை பல்லாண்டுகள் உழைத்தன. அப்பாதைகள் அண்மை ஆண்டுகளில் அகலப் பாதைகளாகிவிட்டன.

கொல்லிமலைக்கு ரயில் வந்ததில்லை. ஆனால், வடக்கே பழைய சேலம் மாவட்டத்தில் குறுகிய பாதை இருந்தது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுசெல்வதற்கென்று 1905-இல் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதையும், 1906-இல் மொரப்பூர்–தருமபுரி பாதையும் போடப்பட்டன. தருமபுரிப் பாதை 1913-இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போரின்போது 1941-இல் இரண்டும் மூடப்பட்டன. டீசல் என்ஜினைக் காணாமலேயே அந்தச் சிறு ரயில்கள் மறைந்தன. அவற்றின் இடத்தை நிரப்பியது டீசல் லாரிதான்.

வேர்க்கடலை எண்ணெயும் தேன்கூடும்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10 உலக உயிரி எரிபொருள் நாளாக நம் நாட்டிலும் கடைப்பிடிக்கப்படுகிறது. 1893-இல் அந்த நாளில் டீசல் வேர்க்கடலை எண்ணெயில் இயந்திரத்தை ஓட்டினார் என்று மேடைகளில் சொல்லப்படுகிறது. அது பிழை. அன்று நடந்தது, அளவுமானி வெடித்த முதல் சோதனை மட்டுமே. வேர்க்கடலை எண்ணெய் வந்தது 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில். ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நிலக்கரியோ பெட்ரோலியமோ இன்றி இயந்திரங்களை ஓட்ட முடியுமா என்று அறிய விரும்பிய பிரெஞ்சு அரசின் வேண்டுகோளுக்கு இணங்க, ஓட்டோ நிறுவனம் ஒரு சிறிய டீசல் என்ஜினை வேர்க்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. பின்னாளில் டீசலும் அச்சோதனைகளைச் செய்து பார்த்து, தாவர எண்ணெய்களுக்கு எதிர்காலம் உண்டு என்று நம்பினார். அந்த நம்பிக்கையின் தொலைதூர எதிரொலிதான் இருபது ஆண்டுகளுக்கு முன் நம் விவசாயிகளிடம் காட்டாமணக்கு நடச் சொன்ன திட்டங்கள். விதைத்தவர்களில் பலர் விளைச்சலும் விலையும் இன்றி ஏமாந்தது தனிக் கதை.

எரிபொருளைவிட டீசலின் மனத்தை அதிகம் ஆட்கொண்டது வேறொரு கேள்வி. பெரும் நீராவி இயந்திரத்தை வாங்கும் வசதி பெருமுதலாளிக்கு மட்டுமே உண்டு. அதனால் நெசவாளியும் தச்சரும் தோல் தொழிலாளியும் பட்டறையை மூடிவிட்டு ஆலைக் கூலிகளாக நகரத்துக்குப் போகிறார்கள். மலிவான, சிறிய, திறன்மிக்க ஓர் இயந்திரம் ஊர்தோறும் கிடைத்தால் அவர்கள் சொந்தப் பட்டறையிலேயே நிமிர்ந்து நிற்கலாம். தம் தந்தையின் பட்டறையை நினைத்தே அவர் அந்த இயந்திரத்தைக் கற்பனை செய்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

1903-இல் சமூக ஒருமைப்பாடு குறித்து ஒரு நூலும் எழுதினார். தொழிலாளர்கள் அன்றாடம் சில காசுகளைப் பொதுநிதியில் சேர்க்க வேண்டும். அந்த நிதியின் பிணையத்தில் தொழிற்கூடங்களைத் தாங்களே தொடங்கி, தாங்களே நடத்த வேண்டும். இக்கூட்டுத் தொழிற்கூடங்களை அவர் தேன்கூடுகளுக்கு ஒப்பிட்டார். இயந்திரத்தைவிட இந்த நூலே தம் பெரிய சாதனை என்று அவர் கருதினார். உலகம் அப்படிக் கருதவில்லை. அச்சிட்ட படிகளில் மிகச் சிலவே விற்றன. அவருடைய இயந்திரமோ ஆலைகளுக்கும் கப்பல்களுக்கும் போர்க்கப்பல்களுக்கும் போனது. 1912-இல் செலாண்டியா என்னும் டென்மார்க் கப்பல் டீசலின் வலிமையில் கடல் கடந்து பாங்காக் வரை சென்றது. நீர்மூழ்கிக் கப்பல்களும் டீசல் என்ஜினை ஏற்றுக்கொண்டன.

கடலில் ஓர் இரவு

வெளியில் புகழ் வளர்ந்தபோது உள்ளே அவர் நொறுங்கிக்கொண்டிருந்தார். காப்புரிமை வழக்குகள் ஓயவில்லை. காப்புரிமையில் எழுதிய இயந்திரம் வேறு, ஓடிய இயந்திரம் வேறு என்று எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர். அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. தலைவலியும் மூட்டுவலியும் மனச்சோர்வும் அவரைச் சிகிச்சை நிலையங்களுக்கு அனுப்பின. மியூனிக்கில் மாளிகை கட்டினார். எண்ணெய் வயல்களிலும் நிலங்களிலும் பணத்தைப் போட்டு இழந்தார். இயந்திரத்தில் ஒரு துளி வெப்பம் வீணாவதைப் பொறுக்காதவருக்குச் சொந்தக் கணக்கைக் காக்கத் தெரியவில்லை.

1913 செப்டம்பர் 29 அன்று மாலை, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இங்கிலாந்தில் தம் இயந்திரத்தைச் செய்யும் நிறுவனத்தின் கூட்டத்துக்காக அந்தப் பயணம். உடன் வந்த இருவரோடு இரவு உணவு உண்டார். மறுநாள் காலை 6.15 மணிக்கு எழுப்பச் சொல்லிவிட்டுப் பத்து மணியளவில் தம் அறைக்குச் சென்றார். காலையில் அறை வெறுமையாக இருந்தது. படுக்கை கலையவில்லை. கைக்கடிகாரம் படுக்கையிலிருந்து பார்க்கும்படி வைக்கப்பட்டிருந்தது. தொப்பியும் மேலங்கியும் மேல்தளத்துக் கைப்பிடிச் சுவரருகே கிடந்தன.

பத்து நாள்களுக்குப் பின் ஒரு டச்சுப் படகினர் கடலில் மிதந்த உடலைக் கண்டனர். பையிலிருந்த சிறு பொருள்களை எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டனர். மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் பேனாக்கத்தியையும் பார்த்து, அவை தந்தையுடையவை என்று மகன் ஆய்கன் உறுதி செய்தார். பயணத்துக்கு முன் மனைவியிடம் அவர் ஒப்படைத்த பையில் 20,000 மார்க் பணமும், வங்கிக் கணக்குகள் வறண்டுவிட்டதைக் காட்டும் தாள்களும் இருந்தன. நாட்குறிப்பில் செப்டம்பர் 29-க்கு எதிரே ஒரு சிலுவைக் குறி. எண்ணெய் முதலாளிகள் கொன்றார்கள், உளவாளிகள் கொன்றார்கள் என்று பல கதைகள் கிளம்பின. எவையும் மெய்ப்பிக்கப்படவில்லை. கடன் சுமை தாங்காத ஒரு மனிதரின் முடிவு என்பதே சான்றுகளோடு பெரிதும் பொருந்துகிறது. அப்போது அவருக்கு வயது 55.

யாருக்கான இயந்திரம்?

டீசலின் கணக்கு இன்றும் தீரவில்லை. இந்திய ரயில்வேயின் அகலப் பாதைகள் ஏறத்தாழ முழுமையாக மின்மயமாகிவிட்டன. டீசல் என்ஜின்கள் ஓரங்கட்டப்படுகின்றன. ஆனால், நிலக்கரி ரயிலை இழுக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி அந்த நிலக்கரியை எரித்தே பெறப்படுகிறது. வகுப்பறையில் லிண்டே எழுப்பிய கேள்வி, அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியில் இன்றும் நின்றுகொண்டிருக்கிறது.

மீண்டும் கொல்லிமலைக்கு வருவோம். சாலையும் லாரியும் அந்த மலைக்கு மருத்துவமனையையும் பள்ளியையும் சந்தையையும் நெருங்க வைத்தன. அதை மறுப்பவர் மலையில் வாழ்ந்தறியாதவர். ஆயினும், அந்த லாரிகள் எதை இறக்கிக்கொண்டு போயின என்று பார்க்க வேண்டும். மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் பாக்சைட் போனது. சேலம் வட்டார ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி போகிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் மரவள்ளி பரவியது. விற்கும் பயிர் வந்தது, உண்ணும் பயிர் சுருங்கியது. விலையை மலையில் யாரும் தீர்மானிப்பதில்லை.

சிறுதானியம் சுருங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாமையின் உமியை உரலில் இட்டு உலக்கையால் குத்தி நீக்குவது பெண்களின் தோளை முறிக்கும் வேலை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியப் பாதுகாப்பில் இறங்கியபோது, விதைகளைச் சேமித்ததோடு நிற்காமல், ஊர்களுக்கே உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கொண்டுவந்தது. மகளிர் குழுக்கள் அவற்றை நடத்தின. அரைத்தது, பொதிந்தது, விற்றது எல்லாம் மலையிலேயே. ஓர் இயந்திரம் ஊரை விட்டுப் பொருளை வெளியே இழுப்பதற்குப் பதிலாக, ஊருக்குள் மதிப்பைக் கூட்டியது. அதைச் சுழற்றுவது டீசலா, மின்சாரமா, சூரிய ஒளியா என்பது இரண்டாவது கேள்வி.

பாரிஸில் தோல் பட்டறை வாசலில் கைவண்டியோடு நின்ற சிறுவன் கனவு கண்ட இயந்திரம் அத்தகையது. கோடிக்கணக்கான டீசல் என்ஜின்கள் உலகில் ஓடுகின்றன. அவற்றுள் அவர் விரும்பிய வேலையைச் செய்பவை மிகச் சில. புதிய எரிபொருள், புதிய வாகனம், புதிய இயந்திரம் என்று அரசுகள் இனி அறிவிக்கும் ஒவ்வொரு திட்டத்திலும் அதன் வெப்பத்திறனை மட்டும் கேட்டால் போதாது. அது யார் கையில் இருக்கும், யாருடைய விளைச்சலை எங்கே கொண்டுபோகும் என்பதையும் கேட்க வேண்டும். விலை உயரும்போது மட்டும் நாம் நினைத்துக்கொள்ளும் ஒரு பெயருக்கு உரியவர், தம் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.